தமிழில் மின்னஞ்சல் முகவரி வாங்குமுன் இதைக் கேட்டுவிடுங்கள்

எங்கள் மரபு விதைக் கடைக்கு .இந்தியா என்று முடியும் இணையதள முகவரி (டொமைன்) வாங்கியதில் ஒரு தொல்லையும் இல்லை. பணம் கட்டினோம், தளம் திறந்தது, பாதுகாப்புச் சான்றிதழும் இலவசமாகக் கிடைத்தது. மாட்டிக்கொண்டது மின்னஞ்சலில்தான்.

@ குறிக்கு முன்னால் ‘கடிதம்’, பின்னால் கடைப் பெயர், இப்படி ஒரு முகவரி கேட்டேன். “டொமைனே தமிழ்ல இருக்கு, மெயிலும் வந்துடும் சார்” என்றார் தளத்தையும் மின்னஞ்சலையும் தன் கணினிகளில் நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் உதவி மையத்துக்காரர். பணம் கட்டிய பிறகு, “முன்னால வர்ற ‘கடிதம்’ங்கற பேரை மட்டும் இங்கிலீஷ்ல போட்டுக்குங்க” என்கிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

@ குறிக்குப் பின்னால் இருப்பதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிவிடலாம். பியூனிகோட் என்ற அந்த வழி 2003லேயே வந்துவிட்டது. முன்பகுதிக்கு அது செல்லாது. தமிழாகவே பயணம் செய்தாக வேண்டும். அதற்கான எஸ்எம்டிபியுடிஎஃப்8 நெறிமுறை 2012இல் வந்தது. ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்புகிறது, அவற்றிலிருந்து வருவதையும் ஏற்கிறது. ஆனால் வழியில் ஒரு சர்வருக்கு இது தெரியாவிட்டாலும் மடல் திரும்பிவிடும்.

ஆகவே பணம் கட்டுமுன் “எஸ்எம்டிபியுடிஎஃப்8 இருக்கிறதா?” என்று எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். அப்படிக் கேட்டு வேறிடத்துக்கு மாறினேன். ஜிமெயிலிலிருந்து ‘கடிதம்’ முகவரிக்கு ஒரு சோதனை மடல் அனுப்பினேன். வந்து விழுந்தது! பெறுநர் பட்டியில் முழு முகவரியும் தமிழில். அன்று கடையில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் ஆன்லைனில் பணம் பெறும் சேவைக்கு விண்ணப்பித்தோம். படிவம் முழுக்கத் தமிழ். எங்கள் முகவரியைப் போட்டதும் சிவப்பில் வந்தது: “சரியான மின்னஞ்சல் முகவரியை உள்ளிடவும்”. தமிழில் பேசுகிற படிவம் தமிழ் முகவரியைச் செல்லாது என்கிறது! தொலைபேசியில் கேட்டால், எக்ஸ்என் என்று வரும் இணைப்பெல்லாம் வைரஸ் என்றார் அங்கிருந்த பெண்.

அதனால், அதே பெட்டிக்கு வந்து சேரும்படி ஓர் ஆங்கில முகவரியும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, வரி, கூரியர் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுங்கள். விசிட்டிங் கார்டில் தமிழ் முகவரியை மேலே போடுங்கள்.

படிவத்தைத் திருத்தச் சொல்லி, திரைப்பிடிப்புடன் அந்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், ‘கடிதம்’ முகவரியிலிருந்தே.