பகோடா ஸ்ட்ரீட்: கோபுரம் பெயர் கொடுத்த தெரு

சிங்கப்பூர் சைனாடவுன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் 'ஏ' வாசல் எஸ்கலேட்டர் ஏறினால் நேராக பகோடா ஸ்ட்ரீட்டில்தான் விடும். கடைகளில் தொங்கும் காந்தப் பொம்மைகள், மூன்று வாங்கினால் பத்து டாலர் டீ-சட்டைகள். இதையெல்லாம் நான் நின்று பார்ப்பதில்லை, சுற்றுலாப் பயணிகளுக்கான சரக்கு.

மறுகோடியில் நிற்பது ஸ்ரீ மாரியம்மன் கோயில். தெருவுக்கு 'பகோடா' (அடுக்குக் கோபுரம் என்று பொருள்) என்று பெயர் வந்ததே அதன் கோபுரத்தால்தான். 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்துக் கட்டிய கோயில் இது. மதிலின் மேல் படுத்திருக்கும் சுதை மாடுகளுக்கு அடியில் சீனப் பாட்டிகள் நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். யாருக்கும் அது புதுமையாகத் தெரிவதில்லை.

இடையில் உள்ள கடைவீடுகளின் கதை அவ்வளவு இனிப்பானதில்லை. சீனாவிலிருந்து கப்பலேறிய கூலிகளை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். அபின் விற்பனையும் பக்கத்திலேயே. சம்பளத்தைப் புகையாக்க வெகுதூரம் நடக்க வேண்டியதில்லை! பிற்பாடு மாடிகளைப் பலகையால் தடுத்துக் குடும்பங்கள் குடியிருந்தன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே அடுப்படி. அப்படியொரு வீட்டை இதே தெருவில் உள்ள சைனாடவுன் மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகத்தில் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தத் தடுப்புக்குள் நான் கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும்.

தெருவோரக் கடைக்காரர்களை 1983இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் என்ற சந்தை, சாப்பாட்டுக் கடைக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். சாப்பாட்டுக்கு நான் போவதும் அங்கேதான்.