ஏ1 போஸ்டர்: பக்க அளவும் மார்ஜினும்

வேலை இதுதான்: சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதை, 20 கொண்டை ஊசி வளைவுகளும் எண்ணோடு. அளவு ஏ1, நெட்டுவாக்கில் 594 × 841 மி.மீ. ஒரு பிரதி வீட்டு பிரிண்டரில், ஏ4 தாள்களை ஒட்டி. இன்னொன்று சேலத்தில் பிளாட்டரில், அதாவது ரோல் தாளில் அச்சிடும் பெரிய பிரிண்டரில்.

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரையத் தொடங்கும் முன்பே டாக்குமென்ட் பிராப்பர்ட்டீஸில் அளவை மி.மீ.யில் கொடுத்தாயிற்று. ஏ4-ல் வரைந்துவிட்டுக் கடைசியில் பெரிதாக்கினால் கோட்டுத் தடிமனும் எழுத்தளவும் நாம் நினைத்தபடி நிற்காது. விளிம்பிலிருந்து 15 மி.மீ. உள்ளே வழிகாட்டிக் கோடு. வளைவு எண் எதுவும் அதைத் தாண்டாது. மூலையில் சரியாக 100 மி.மீ. நீளத்தில் ஒரு சோதனைக் கோடு. பிறகு பி.டி.எஃப்.

ஏ1 என்பது எட்டு ஏ4 என்ற கணக்கு காகிதத்துக்குச் சரி, பிரிண்டருக்குச் சரியில்லை. நான்கு பக்கமும் 5 மி.மீ. மை படாது என்றால் ஒரு தாளில் கிடைப்பது 200 × 287 மட்டுமே. ஒட்ட 10 மி.மீ. ஓவர்லேப் விட்டால், குறுக்கே மூன்று தாள் 600 − 20 = 580. தேவை 594. மீதி 14 மி.மீ. பட்டைக்காக நான்காவது வரிசை முழுக்க வீணாகும். மொத்தம் 12 தாள். உயரத்தில் மூன்று தாள் 861 − 20 = 841, மயிரிழையில் தப்பிக்கிறது. பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) சற்றே கூடுதல் மார்ஜின் எடுத்தால் அங்கும் ஒரு வரிசை கூடும்.

அக்ரோபேட் ரீடரின் பிரிண்ட் பெட்டியில், படத்தைப் பல தாள்களாகப் பிரிக்கும் ‘போஸ்டர்’ தேர்ந்து, டைல் ஸ்கேலை (அச்சாகும் அளவின் விகிதம்) 97 சதவீதமாக்கியதும் படம் 576 × 816 ஆனது. ஒன்பது தாளில் முடிந்தது. சுவரில் 3 சதவீதம் யார் கண்ணுக்கும் தெரியாது; வரைபடத்தில் அளவுகோல் இருந்தால் மட்டும், அதை எண்ணாக எழுதாமல் கோடாக வரைய வேண்டும், கூடவே சுருங்கும். கட் மார்க்ஸ் (வெட்டும் இடக் குறிகள்), லேபிள்ஸ் (எந்தத் தாள் எங்கே என்ற குறிப்பு) இரண்டும் போட்டுக்கொள்வது நல்லது.

முதல் தாள் வந்ததும் சோதனைக் கோட்டை ஸ்கேல் வைத்து அளக்கணும். 97 மி.மீ. வரணும். குறைந்தால் பிரிண்டர் டிரைவரிலும் ‘ஃபிட் டு பேஜ்’ ஓடுகிறது, படம் இரண்டு முறை சுருங்குகிறது என்று பொருள்.

ஒட்டும்போது ஒவ்வொரு தாளிலும் வலது, கீழ் ஓரங்களை மட்டும் வெட்டி, அடுத்த தாளின் மேல் ஏற்ற வேண்டும். மைதா பசை வேண்டாம், ஈரத்தில் தாள் ஊதி ரோடு விலகும். குளூ ஸ்டிக் போதும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பிரித்து வைத்த தாளுக்கும் இதே கதிதான். ஒரே கட்டிலிருந்து எடுத்து ஒரே மூச்சில் அச்சிடணும்.

பிளாட்டரில் 24 அங்குல ரோல், அதாவது 609.6 மி.மீ. இருபக்கமும் 5 போனால் 599.6. நம் படமோ, வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாதிருக்க ஒவ்வொரு பக்கமும் வெளியே நீட்டிய 3 மி.மீ. பிளீடோடு 600! ‘ஃபிட்’ போட்டால் சத்தமில்லாமல் சுருக்கிவிடும். ‘ஆக்சுவல் சைஸ்’ போட்டால் பிளீடில் அரை மி.மீ.கூடப் போகாது, அது எப்படியும் வெட்டி எறிவதுதான். பட்டியலில் இருக்கும் ‘ஏ1’-ஐத் தேர்ந்தால் டிரைவர் மார்ஜினை 594-க்குள்ளேயே எடுத்து ஓரத்தைத் தின்னும். கஸ்டம் அளவு 610 × 860 கொடுத்ததும் சரியானது.

அடுத்து 20 × 10 அடி ஃப்ளெக்ஸ். அக்ரோபேட்டில் பக்கம் 200 அங்குலம் தாண்டினால் சிக்கல், 20 அடி என்பது 240. அதனால் பத்தில் ஒரு பங்காக 24 × 12 அங்குலத்தில் வரைந்து, கடையில் 1000 சதவீதம் என்று சொல்லணும். ஐலெட்டுக்காக (கயிறு கட்டும் உலோக வளையம்) ஓரத்தில் 3 அங்குலம் எழுத்தில்லாமல் விடணும். கோப்பில் அது 0.3.