ஆக்ஸிஸ்ல எழுதாம விட்டது

போன மாசம் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறிட்டு இருந்தப்போ ஒரு பிளாட் (அதாவது கிராஃப்) கிடைச்சுது. ஃபைல் பேரு ‘ஃபைனல் நியூ 3’. கீழ 0ல இருந்து 250 வரைக்கும் நம்பர், இடது பக்கம் 0ல இருந்து 1.2 வரைக்கும், நடுவுல ஒரு நீலக் கோடு அழகா ஏறி 180 கிட்ட மடங்கி இறங்குது, அவ்ளோதான். அந்த 180 நிமிஷமா, டிகிரியா, நானோமீட்டரா? ஒரு எழுத்து கிடையாது. வேற யாராவது வரைஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன். வரைஞ்சது நான்தான். சரி ஸ்கிரிப்ட்டைப் பார்க்கலாம்னு திறந்தா அங்கயும் முதல் காலம், நாலாவது காலம்னு நம்பர் போட்டுத்தான் எடுத்திருக்கேன் (காலம்னா டைம் இல்ல, எக்செல்ல வர்ற காலம், பாருங்க இதுலயே குழப்பம்). கடைசியா பழைய லேப் நோட்டைத் தேடிப்பிடிச்சு, டிகிரி செல்சியஸ்தான்னு உறுதி பண்றதுக்குள்ள ஒன்றரை நாள் போயிடுச்சு. அன்னைக்கு அந்த ஒரு வரியை டைப் பண்ண பத்து செகண்ட் ஆகியிருக்குமா?

பத்து வருஷமா இதுதான் என் வேலை. மெஷர்மென்ட் எடுக்குறவங்க தர்ற டேட்டாவை பிளாட் போட்டு பேப்பருக்கும் ஸ்லைடுக்கும் ரெடி பண்ணித் தரணும். சாஃப்ட்வேர் தானா லேபிள் போட்டுக்கும்னு நம்பினா மோசம் போயிடுவோம். பைத்தான்ல கிராஃப் வரையுற மேட்பிளாட்லிப், ஆக்ஸிஸ் லேபிள் இடத்தை காலியாவே விட்டுடும். அதை எழுதின ஜான் ஹண்டர் ஒரு நியூரோபயாலஜிஸ்ட், வலிப்பு நோயாளிகளோட மூளை சிக்னலைப் பார்க்கத்தான் ஆரம்பிச்சாரு, 2003ல வெளிய வந்துச்சு. தன் டேட்டாவைத் தானே பார்க்குறவருக்கு எந்த ஆக்ஸிஸ் என்னன்னு தெரியும்தானேன்னு நானா ஒரு சமாதானம் சொல்லிப்பேன். ஆரிஜின்ங்கிற சாஃப்ட்வேர் பரவால்ல, காலத்துக்கு மேல பேரும் யூனிட்டும் எழுத தனி வரி இருக்கும், அங்க ஒழுங்கா எழுதிட்டா ஆக்ஸிஸுக்கு தானா வந்துடும். ஆனா அந்த வரியை நிரப்புறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். குனூபிளாட் வேற ரகம், நாம பேரு குடுக்கலன்னா ஃபைல் பேரையே தூக்கி ஓரத்துல போட்டுடும், நாமளே குடுக்குற பேருல அண்டர்ஸ்கோர் இருந்தா அதுக்கு அடுத்த எழுத்து சப்ஸ்கிரிப்ட்டா கீழ இறங்கி உட்கார்ந்துக்கும். ‘ரன்’ அப்புறம் அண்டர்ஸ்கோர் அப்புறம் 7ன்னு பேரு வெச்சிருந்தா ஏதோ கெமிஸ்ட்ரி ஃபார்முலா மாதிரி வந்து நிக்கும். மேட்லேப்லயும் இதே கூத்துதான், அண்டர்ஸ்கோரை இப்படி மாத்துற டெக் இன்டர்பிரட்டரை ஆஃப் பண்ணணும்.

நான் வாங்கிக் கட்டிக்கிட்டது இன்னொரு இடத்துல. மெல்லிசான ஒரு ஃபிலிம் வழியா போற கரென்ட்டை அளந்திருந்தாங்க, எல்லாம் மைக்ரோ ஆம்பியர்ல, ஆனா டேட்டா ஃபைல்ல ஆம்பியராவே இருந்துச்சு. பிளாட் போட்டேன், ஒய் ஆக்ஸிஸ்ல 0, 2, 4, 6, 8ன்னு வந்துச்சு, லேபிள் ‘கரென்ட் (ஆம்பியர்)’. எல்லாம் சரி, மேல மூலையில பொடி எழுத்துல ‘ஒன் ஈ மைனஸ் சிக்ஸ்’னு இருந்துச்சு பாருங்க, அதாவது இந்த நம்பரையெல்லாம் பத்து லட்சத்தால வகுத்துக்கோன்னு அர்த்தம், ஸ்லைடுல ஒட்டும்போது சுத்தி இருந்த வெள்ளை இடத்தை கிராப் பண்ணேன்ல, அதோட சேர்ந்து அந்த மூலையும் போயிடுச்சு. மீட்டிங்ல சார் கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்தாரு. “எட்டு ஆம்பியராம்மா? இந்த ஃபிலிம்ல எட்டு ஆம்பியர் போயிருந்தா சாம்பிள் இருந்த இடத்துல புகைதான் இருக்கும்.” எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன்.

சரின்னு அடுத்த தடவை டேட்டாவையே பத்து லட்சத்தால பெருக்கி, லேபிள்ல மியூ எழுத்து போட்டு மைக்ரோ ஆம்பியர்னு எழுதினேன், மூலையில ஒண்ணும் இல்ல, சுத்தமா இருந்துச்சு. ஆனா அந்தப் படத்தை பக்கத்து க்ரூப்ல ஆரிஜின்ல திரும்ப வரைஞ்சாங்க, அவங்க மியூவை சிம்பல் ஃபாண்ட் வழியா போட்டிருந்தாங்க. அந்த ஃபாண்ட்ல மியூன்னு தனியா ஒண்ணும் கிடையாது, சாதா ‘எம்’ எழுத்துதான் மியூ வேஷம் கட்டி நிக்கும். ஸ்லைடை வேற மெஷின்ல திறந்தப்போ ஃபாண்ட் மாறி வேஷம் கலைஞ்சு வெறும் எம் ஆயிடுச்சு. எம்முன்னா மில்லி. ஆயிரம் மடங்கு! அதே சார், அதே கண்ணாடி. “போன தடவை ஆம்பியர், இந்தத் தடவை மில்லி ஆம்பியர், படிப்படியா குறையுது, நல்லதுதான்.”

இதுல பயமா இருக்குற விஷயம், மில்லின்னு இருந்தா யாருக்கும் சந்தேகமே வராது. எட்டு ஆம்பியர்னா ஆள் பார்த்து சிரிப்பாங்க, எட்டு மில்லி ஆம்பியர்னா தலையாட்டிட்டு நோட்டுல எழுதிக்குவாங்க. சாருக்கு அந்த ஃபிலிம் அத்துப்படிங்கிறதால தப்பிச்சேன். இப்பல்லாம் யூனிகோடு மியூவை நேரா போட்டு, பிடிஎஃப்ல ஃபாண்ட்டை உள்ளயே வெச்சு அனுப்புறேன்.

அந்த மூலை சமாச்சாரத்துக்கு ஒரு அண்ணனும் உண்டு. 5 மெகாஹெர்ட்ஸ் கிட்ட ஓடுற குவார்ட்ஸ் கிரிஸ்டலோட அதிர்வெண்ணை பிளாட் போட்டா, மாறுறது கடைசி ரெண்டு மூணு இலக்கம்தான்கிறதால மேட்பிளாட்லிப் பெரிய பகுதியைக் கழிச்சு மூலையில ‘பிளஸ்’ போட்டு வெச்சுட்டு ஆக்ஸிஸ்ல 100, 120, 140ன்னு மட்டும் காட்டும். அதை ஆஃப் பண்ணலாம், ஆனா அப்போ நீள நீளமான நம்பரா வரிசையா நிக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. முதல் ரீடிங்ல இருந்து எவ்வளவு மாறுச்சுன்னு நாமளே கழிச்சு, ‘அதிர்வெண் மாற்றம் (ஹெர்ட்ஸ்)’னு எழுதிட்டா முடிஞ்சுது.

ஆக்ஸிஸ் தப்பானா பிளாட் மொத்தமா தப்பாகும், யாராவது கவனிச்சுடுவாங்க. புள்ளிக்கு பேரு எழுதுறது அதைவிட வம்பு. 42 சாம்பிள், ஒவ்வொரு புள்ளி பக்கத்துலயும் அதோட பேரு வேணும்னு ஒரு மேடம் கேட்டாங்க. புள்ளி பக்கத்துல எழுதுற அனோடேட் கமாண்ட் போட்டா எழுத்து புள்ளி மேலயே ஏறி உட்காருது. எக்ஸ்ல 0.1 தள்ளி எழுதுன்னா லாக் ஸ்கேல்ல (1, 10, 100ன்னு பத்து மடங்கா போறது) ஒரு ஓரத்துல ரொம்ப தூரம் போகுது, இன்னொரு ஓரத்துல நகரவே இல்ல. அதனால டேட்டா அளவுல தள்ளாம பாயின்ட் அளவுல, அதாவது ஒரு இன்ச்சில் 72ல ஒரு பங்கு கணக்குல, அஞ்சு பாயின்ட் தள்ளி வெச்சேன். அப்படியும் நடுவுல 15 பேரு ஒண்ணு மேல ஒண்ணு. அட்ஜஸ்ட்டெக்ஸ்ட்னு ஒரு லைப்ரரி இருக்கு, ஆர்ங்கிற மொழியில ஜிஜிரிபெல், இடிச்சுக்குற லேபிளை தள்ளிவிடும். தள்ளிவிட்டுச்சு, ஆனா ஒரு பேரு பக்கத்து புள்ளி கிட்டப் போய் ஒட்டி நின்னு அதோட பேரு மாதிரியே ஆயிடுச்சு, அதுக்கு ஒரு மெல்லிசு கோடு இழுத்தேன்.

இவ்வளவும் முடிச்சு பார்த்தா, ரெஃபரன்ஸ் சாம்பிள் (வேல்யூ முன்னாடியே தெரிஞ்ச சாம்பிள்) இருக்கக்கூடாத இடத்துல இருக்கு. அரை நாள் முழிச்சேன். வேல்யூ இல்லாத ஒரு வரியை டேட்டால இருந்து நீக்கிட்டேன், பேர் லிஸ்ட்ல நீக்கல. பைத்தான்ல ஜிப்ங்கிற ஃபங்ஷன் போட்டு ரெண்டையும் ஜோடி சேர்த்தா அது சின்ன லிஸ்ட் முடியுற இடத்துல கம்முன்னு நின்னுடும், எரர் எல்லாம் சொல்லாது. 11வது புள்ளியில இருந்து எல்லாருக்கும் முன்னாடி இருக்குறவங்க பேரு! அந்த ரெஃபரன்ஸ் மட்டும் இல்லன்னா அப்படியே பேப்பருக்குப் போயிருக்கும், ஏன்னா பிளாட் பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு. பைத்தான் 3.10ல இருந்து ஜிப்புக்கு ‘ஸ்ட்ரிக்ட்’னு ஒரு ஆப்ஷன் இருக்கு, நீளம் ஒத்துப்போகலன்னா கத்தும். நான் அதைவிட, பேரையும் வேல்யூவையும் ஒரே டேபிள்ல வெச்சு பிரிக்கவே பிரிக்காம வெச்சுக்குறேன். மேடம்கிட்ட பேசி 42 பேரை 6 ஆக்கினேன், பேச்சுல வர்ற ஆறு சாம்பிளுக்கு மட்டும் பேரு, மத்ததெல்லாம் சாம்பல் கலர் புள்ளி.

எழுத்து சைஸ் பத்தி ஒண்ணே ஒண்ணு. 10 இன்ச் அகலத்துல 10 பாயின்ட் எழுத்தோட வரைஞ்சு, நேச்சர் மாதிரி இதழோட 89 மில்லிமீட்டர் காலத்துக்குள்ள சுருக்கினா எழுத்து 3.5 பாயின்ட் ஆயிடும், எறும்புக்குத்தான் காட்டணும். அச்சுல வர்ற அளவுலயே வரையுங்க.

ஒரு தடவை பொதுமக்களுக்கான போஸ்டருக்கு தமிழ்லயே லேபிள் போடலாம்னு ஆசைப்பட்டேன். முதல்ல வரிசையா கட்டம் கட்டமா வந்துச்சு. தமிழ் ஃபாண்ட் குடுத்தேன், எழுத்து வந்துச்சு, ஆனா ‘வெப்பநிலை’ல கொம்பு வகரத்துக்கு பின்னாடியும், ஐகாரக் குறி லகரத்துக்கு பின்னாடியும் போய் தனியா நிக்குது. எழுத்தை சேர்த்துக் கோக்குற வேலையை மேட்பிளாட்லிப் செய்யல. கடைசியா எஸ்விஜிங்கிற பட ஃபைல்ல எழுத்தை படமாக்காம எழுத்தாவே வெச்சு சேவ் பண்ணி பிரவுசர்ல திறந்தேன், கொம்பு தன் இடத்துக்கு வந்துச்சு. அந்த போஸ்டரை நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

இத்தனை அடிபட்டும் நான் தேறிட்டேன்னு சொல்ல முடியல. போன வாரம் புதுசா சேர்ந்த பொண்ணு என் பிளாட்டைப் பார்த்துட்டு, “அக்கா, ஒய் ஆக்ஸிஸ்ல ஆர்பிட்ரரி யூனிட்னு, அதாவது ஏதோ ஒரு யூனிட்னு, போட்டிருக்கீங்களே, டிடெக்டர்ல இருந்து வர்றது வோல்ட்தானே?”ன்னு கேட்டா.

“இன்டென்சிட்டிக்கு எல்லாரும் அப்படித்தான்மா போடுவாங்க.”

“ஏன் அக்கா?”

நான் ஸ்கிரிப்ட்டைத் திறந்தேன். முதல் காலம், நாலாவது காலம்னு இருந்துச்சு.