வெப்பநிலை அட்டவணையும் தமிழ் இன்டெக்ஸும்: எஸ்என்எம்பி ஏஜென்டில் செய்து பார்த்தது

சென்சார்களின் வெப்பநிலையை எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாக ஓர் அட்டவணையாகக் காட்டும் வேலை ஒரு கட்டத்தை எட்டிவிட்டது. மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கும் ‘எஸ்என்எம்பிவாக்’ கட்டளை இப்போது அட்டவணையின் தலை முதல் கால் வரை எங்கும் முறியாமல் ஓடுகிறது. ஒவ்வொரு வரிக்கும் இன்டெக்ஸாக, அதாவது அடையாளமாக, இருப்பது தமிழ்ப் பெயர். இந்த இரண்டாவது செய்தியைத்தான் கொஞ்சம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன், ஏனெனில் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருந்தது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னணியில் ஓடும் நெட்-எஸ்என்எம்பி டீமன் (கேள்விகளுக்குப் பதில் தரும் ஏஜென்ட் இதுதான்), அதன் அமைப்புக் கோப்பில் கேள்விகளைக் கைமாற்றும் ‘பாஸ் பெர்சிஸ்ட்’ வரியில் ஒரு பைதான் ஸ்கிரிப்ட், அதன் பின்னால் ஒன்-வயர் கம்பியில் எட்டு டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார்கள். எஸ்என்எம்பியின் எண் மரத்தில் தனிக் கிளை தரும் சொந்த நிறுவன எண் இன்னும் இல்லாததால், சோதனைக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ள 1.3.6.1.4.1.8072.9999.9999 என்ற கிளையின் கீழ் அட்டவணையை வைத்திருக்கிறேன். வெப்பநிலை, கடைசியாகப் படித்து எத்தனை வினாடி ஆயிற்று, சென்சாரின் நிலை என மூன்று பத்திகள். மூன்றும் படிக்க மட்டுமே. யாராவது ‘செட்’ அனுப்பினால் ஸ்கிரிப்ட் ‘நாட்-ரைட்டபிள்’ என்று ஒரே வரியில் மறுத்துவிடும். எஸ்என்எம்பியின் தரவு வகைகளை வரையறுக்கும் எஸ்எம்ஐ-யில் தசம எண் வகை கிடையாது என்பதால் வெப்பநிலை மில்லி டிகிரியில், குறியுள்ள முழு எண்ணாகச் செல்கிறது. அட்டவணையை விவரிக்கும் எம்ஐபி கோப்பில் ‘டி-3’ என்ற காட்சிக் குறிப்பு இருந்தால் புள்ளி தானாக உரிய இடத்தில் விழும். பழைய எல்எம்-சென்சார்ஸ் எம்ஐபி இதே மதிப்பை ‘கேஜ்32’ ஆக வைத்திருப்பது எனக்கு இன்றுவரை புரியாத புதிர், ஏனெனில் அந்த வகையில் பூஜ்யத்துக்குக் கீழ் எண்ணே இல்லை.

இனி இன்டெக்ஸுக்கு வருவோம். நீளம் மாறக்கூடிய ஒரு சரம் இன்டெக்ஸாக இருந்தால், ஓஐடியில் (ஒவ்வொரு மதிப்பையும் சுட்டும், புள்ளிகளால் பிரிந்த எண் தொடரில்) முதலில் அதன் பைட் எண்ணிக்கையும், பிறகு ஒவ்வொரு பைட்டும் தனித்தனி எண்ணாகவும் வரும். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியெண்ணுக்கு (யூனிகோடில் ஓர் எழுத்துக்கோ குறிக்கோ உள்ள எண்) மூன்று பைட்டுகள். ஆகவே ‘மாடி’ என்ற பெயர் 12.224.174.174.224.174.190.224.174.159.224.174.191 என்று நீள்கிறது. ‘தொட்டி’ 18 என்ற எண்ணிலும், ‘அடுக்களை’ 24 என்ற எண்ணிலும் தொடங்குகின்றன. நீளம் முன்னால் நிற்பதால், அடுத்த மதிப்பைக் கேட்கும் ‘கெட்நெக்ஸ்ட்’ கோரிக்கை எதிர்பார்க்கும் வரிசை மாடி, தொட்டி, அடுக்களை. அகரவரிசையோ இதற்கு நேர் எதிர். பெயர்களை அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டு அடுத்த வரியைத் தரும் எந்த ஸ்கிரிப்டிலும் ‘எஸ்என்எம்பிவாக்’ ‘ஓஐடி நாட் இன்கிரீஸிங்’ (ஓஐடி ஏறவில்லை) என்ற செய்தியுடன் நின்றுவிடும். ‘-சிசி’ என்ற தேர்வைக் கொடுத்து அந்தச் சோதனையையே அணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியை உடைக்கும் வேலை.

நீளத்தை விட்டுவிடும் ‘இம்ப்ளைடு’ முறையையும் எண்ணிப் பார்த்தேன். அது கடைசி இன்டெக்ஸுக்கு மட்டுமே பொருந்தும். எனக்கோ பெயருக்குப் பின்னால் சேனல் எண் ஒன்றைச் சேர்க்கும் எண்ணம் இருக்கிறது. மேலும் அதனால் கிடைப்பதும் உண்மையான அகரவரிசை அன்று: யூனிகோடில் ன, ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

சரியான வழி மிக எளிது. ஓஐடியை ஒருபோதும் சரமாக ஒப்பிடக் கூடாது. சரமாக ஒப்பிட்டால் 9-க்கு முன்னால் 10 வந்துவிடும். பத்தி எண், அதையடுத்து இன்டெக்ஸின் எண்கள் என ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு டியூபிள் (எண்களின் வரிசைத் தொகுப்பு) அமைத்து, அவை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக வரிசைப்படுத்திவிட்டால் போதும், ஏனெனில் பைதான் டியூபிள்களை ஒப்பிடும் முறையும் எஸ்என்எம்பியின் வரிசை முறையும் ஒன்றே. கேட்கப்பட்ட ஓஐடிக்கு அடுத்தது எது என்பதை பைதானின் ‘பைசெக்ட்-ரைட்’ தேடல் சொல்லிவிடும். அட்டவணையின் வேரைக் கேட்டாலும், பத்தியை மட்டும் கேட்டாலும், பாதி இன்டெக்ஸைக் கேட்டாலும், வாக் நடக்கும்போதே காணாமல் போன ஒரு வரியைக் கேட்டாலும் விடை சரியாகவே வரும். ‘கெட்’ மட்டும் துல்லியமான பொருத்தம் கேட்கும், இல்லையென்றால் ‘நன்’ (ஒன்றுமில்லை).

தமிழுக்கே உரிய இன்னொரு பொறியும் உண்டு. ‘தொட்டி’யில் உள்ள ஒகரக் குறியை 0பிசிஏ என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால் குறியுமாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ஆனால் முதலாவது 18 பைட், இரண்டாவது 21 பைட். ஏஜென்ட் ஒன்றைச் சொல்ல, கண்காணிப்பு நிரல் மற்றொன்றைக் கேட்டால் ‘அப்படி ஒரு வரி இல்லை’ என்ற பதில் மட்டுமே கிடைக்கும். பெயர்கள் கோப்பிலிருந்து உள்ளே வரும் வாசலிலேயே ஒரே குறியெண்ணாகச் சேர்த்தெழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் ஒரே தீர்வு. நீளத்துக்கும் எல்லை உண்டு: ஓர் ஓஐடியில் 128 எண்களுக்கு மேல் இடமில்லை என்பதால், அட்டவணை இருக்கும் இடத்தைக் கழித்தால் பெயருக்கு 38 தமிழ்க் குறியெண்கள்தான் மிஞ்சுகின்றன.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். 12 பிட் துல்லியத்தில் ஒரு சென்சாரைப் படிக்க 750 மில்லி வினாடி வரை ஆகும். எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தால் ஆறு வினாடி. ‘எஸ்என்எம்பிவாக்’ இயல்பாகக் காத்திருப்பதோ ஒரு வினாடி. அதைவிட மோசம், பாஸ் ஸ்கிரிப்ட் பதில் தரும் வரை டீமன் முழுவதுமே நின்றுவிடும். அதனால் தனி த்ரெட் ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்துப் புதிய பட்டியலைக் கட்டி, பழையதன் இடத்தில் ஒரே மூச்சில் வைக்கிறது. பதில் தராத சென்சாரின் வரியை நீக்குவதில்லை. என்டிட்டி-சென்சார் எம்ஐபியில் உள்ள 1, 2, 3 என்ற நிலை எண்களையே கடன் வாங்கி, அந்த வரியில் 2 (மதிப்பு இப்போது கிடைக்கவில்லை) என்று காட்டுகிறேன். 85000 என்ற அளவு திடீரென வந்தாலும் அப்படியே. அது சென்சார் மின்சாரம் பெற்றவுடன் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் தொடக்க மதிப்பு.

சென்சார் வாங்குவோருக்கு: சந்தையில் இந்தச் சில்லின் போலிகள் ஏராளம். தனி மின்கம்பி இல்லாமல் தரவுக் கம்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் முறையில் அவற்றில் பல தடுமாறும். மூன்று கம்பியாகவே இணைப்பது நல்லது.

அடுத்து, ஸ்கிரிப்டைக் கைவிட்டு டீமனுடன் தனி நிரலாக இணையும் ஏஜென்ட்எக்ஸ் துணை ஏஜென்டாக சி மொழியில் எழுத விருப்பம். நெட்-எஸ்என்எம்பியின் ‘டேபிள் இட்டரேட்டர்’ உதவி நிரல் ஒவ்வொரு கேள்விக்கும் எல்லா வரிகளையும் சுற்றி வருவதால், வரிசைப்படுத்தி வைக்கும் ‘கன்டெய்னர்’ வகையையே எடுப்பேன். இணைய எண்களை ஒதுக்கும் ஐஏஎன்ஏ-விடம் நிறுவன எண்ணுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. எம்ஐபி கோப்பின் விளக்கப் பகுதிகள் மட்டும் இன்னும் பாதியில்தான் நிற்கின்றன.