முதல் ஆய்வுக்கு எண்ணூர் போகிறவர்களுக்கு

சில வருடங்களுக்கு முன் எம்.எஸ்ஸி. இறுதியாண்டு மாணவி ஒருத்தி மூச்சு வாங்க என் அறைக்கு வந்தாள். எண்ணூர்க் கழிமுகத்தில் எடுத்த தண்ணீரில் சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கழிவை ரசாயன முறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. "மேடம், இதை உடனே பேப்பராப் போட்டுடலாம்" என்றாள். திருவொற்றியூர்ப் பெண். கொசஸ்தலை ஆறு கறுத்துப்போனதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். ஆதாரம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"குளோரைடு பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். பார்க்கவில்லை.

சி.ஓ.டி. சோதனையில் நாம் சேர்க்கும் டைக்ரோமேட் என்ற ரசாயனம் கழிவோடு மட்டும் நிற்காது, உப்பில் உள்ள குளோரைடோடும் வினைபுரியும். லிட்டருக்கு 10,000 மி.கி. குளோரைடு இருந்தால் அது மட்டுமே 2,260 மி.கி. வரை சி.ஓ.டி. காட்டிவிடும். கடல் நீரில் குளோரைடு ஏறக்குறைய 19,000 மி.கி. மெர்குரிக் சல்பேட் என்ற பாதரச உப்பைப் போட்டு இதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் குளோரைடு 2,000 மி.கி.க்கு மேல் போனால் வழக்கமான முறையை நம்ப முடியாது. (அந்த மெர்குரிக் கழிவைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள். தனி கேனில் சேர்த்து வையுங்கள்.) அவள் அளந்ததில் பெரும்பங்கு கடல் உப்புதான். மூன்று வார வேலை போனது. அழுதாள். அடுத்த சனிக்கிழமை இருவரும் சேர்ந்தே போனோம்.

அங்கே சேற்றில் இறங்கி, கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் அம்மா ஒருவர் எங்கள் பாட்டில்களைப் பார்த்துவிட்டு, "இப்ப இருக்கிறது கடல் தண்ணிம்மா. வத்தட்டும், அப்புறம் மேலேருந்து ஆத்துத் தண்ணி வரும்" என்றார். ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், ஏறும்போது எடுத்த தண்ணீர் வேறு, வற்றும்போது எடுத்த தண்ணீர் வேறு. அன்றிலிருந்து என் மாணவர்களின் களக் குறிப்பேட்டில் தேதி, நேரத்துக்குப் பக்கத்தில் ஓதத்துக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் அந்த மாதிரியை நான் ஏற்பதில்லை.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் எம்.எஸ்ஸி. படித்தபோது தலைப்பை ஆய்வு வழிகாட்டிதான் கொடுத்தார். தண்ணீரை வேறொருவர் எடுத்து வந்தார், சோதனை வெளி ஆய்வகத்தில் நடந்தது, என் கைக்கு அச்சடித்த தாள் மட்டும் வந்தது. அதை வைத்துப் பட்டமும் வாங்கினேன். பிறகு பி.எச்டி. நேர்காணலில், "ஈயம் அளக்க எடுத்த தண்ணீரில் நைட்ரிக் அமிலம் ஏன் சேர்த்தீர்கள்?" என்று கேட்டார்கள். சேர்க்காவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் பதில். எனக்குத் தெரியவில்லை. அந்த இடம் கிடைக்கவில்லை, ஒரு வருடம் போனது. என் மாணவர்கள் யாரும் அந்த நாற்காலியில் அப்படி உட்காரக் கூடாது. அதனால் வழிகாட்டியைத் தேடும்போது அவர் எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன், அவருடைய மாணவர்கள் களத்துக்குப் போகிறார்களா, சோதனையைத் தாங்களே செய்கிறார்களா என்று அவர்களிடமே விசாரியுங்கள்.

வேலைக்கான தேர்வைப் பற்றியும் மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. உதவிப் பேராசிரியர் ஆக நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அதுதான் குறைந்தபட்சத் தகுதி, பி.எச்டி. இருந்தால் கூடுதல் பலம். சுற்றுச்சூழல் அறிவியலுக்கான யு.ஜி.சி. நெட் தேர்வு மூன்று மணி நேரம். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100 கேள்வி, மொத்தம் 300 மதிப்பெண். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எதையும் விடாமல் குறியுங்கள். நம் பிள்ளைகள் சுற்றுச்சூழல் சட்டங்களை வருடத்தோடு ஒப்பிப்பார்கள், புள்ளியியலில் தடுமாறுவார்கள். அதற்குத் தனி நோட்டு போடத் தேவையில்லை. நீங்கள் எடுத்த பன்னிரண்டு பாட்டில் தண்ணீரின் எண்களுக்கே சராசரியும் திட்ட விலக்கமும் கையால் போட்டுப் பாருங்கள். ஓதம் ஏறும்போது எடுத்த ஆறு பாட்டிலுக்கும் வற்றும்போது எடுத்த ஆறு பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா என்று டி-டெஸ்ட் செய்து பாருங்கள். எண்கள் உங்களுடையவை என்பதால் மறக்காது.

போன முறை தண்டையார்பேட்டைப் பக்கம் பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளந்தோம். வின்க்ளர் முறையில் 300 மி.லி. பாட்டிலில் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் அங்கேயே சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இரண்டாமாண்டுப் பையன் சேர்த்தான். வீழ்படிவு பால்போல வெள்ளையாகவே நின்றது. "மேடம், தப்பாப் போட்டுட்டேனா?" என்றான். புதுப் பாட்டில் எடுத்து மறுபடி செய்யச் சொன்னேன். வெள்ளை. மூன்றாவதை நானே செய்தேன். அதுவும் வெள்ளை. ரசாயனத்தில் கோளாறு இருக்குமோ என்று குடிக்கக் கொண்டுபோன தண்ணீரில் போட்டுப் பார்த்தான், உடனே பழுப்பானது. அப்புறம் கால்வாயை ஒருமுறை பார்த்துவிட்டு, குறிப்பேட்டைத் திறந்து பூஜ்ஜியம் என்று எழுதினான்.