விஸ்காம் பசங்கள கம்யூனிகேஷன் தியரி பேப்பருக்கு ரெடி பண்ணின அனுபவம்

நான் ஒரு ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்ல விஸ்காம், அதாவது விஷுவல் கம்யூனிகேஷன் டிபார்ட்மென்ட்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன். போன ஜூன்ல எங்க ஹெச்ஓடி கூப்பிட்டு செகண்ட் இயருக்கு கம்யூனிகேஷன் தியரி பேப்பர் நீங்க எடுத்துக்கோங்கன்னு சொன்னப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, எனக்குப் பிடிச்ச பேப்பர் அது. முந்தின ரெண்டு பேட்ச்லயும் அதிகமா அரியர் விழுந்தது இதுலதான்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இதே பேப்பர் எடுக்குறவங்களுக்கும் நவம்பர்ல எழுதப் போற பசங்களுக்கும் உதவும்னு நடந்ததை அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும்.

மொத்தம் 38 பேர். பாதிக்கு மேல தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்க, நிறைய பேர் அவங்க வீட்டுலயே முதல் முதலா காலேஜ் வாசல மிதிச்சவங்க. கேமராவக் கையில குடுத்தா பிரமாதமா வேலை செய்வாங்க, லைட்டிங் எடிட்டிங்னா ராத்திரி முழுக்க உக்காருவாங்க. முகூர்த்த நாள் வந்தா கிளாஸ்ல பாதி பெஞ்ச் காலியா இருக்கும், ஏன்னா கல்யாண ஆர்டர்ல அசிஸ்டென்ட்டா போனாதான் அந்த செம் ஃபீஸ் கட்ட முடியும். அதைத் தப்புன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். இவங்ககூட தேர்ட் இயர் பையன் ஒருத்தனும் வந்து உக்காருவான், இந்த ஒரே பேப்பர ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் போயிருந்துச்சு. அவன் எடுத்த ஷார்ட் ஃபிலிம் பாத்துட்டு நான் அழுதிருக்கேன். அப்பேர்ப்பட்ட பையன் 75க்கு 19 வாங்கியிருந்தான், பாஸ் ஆக 30 வேணும்.

முதல் மூணு வாரம் நான் பண்ணினது தப்பு. யூனிட் வாரியா நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டாங்க, டெஃபனிஷன், வகைகள், நன்மை தீமைன்னு. ஃபர்ஸ்ட் இன்டர்னல் வச்சேன், 38ல 14 பேர்தான் பாஸ். பேப்பரத் திருத்தும்போது மனசு கஷ்டமாயிருச்சு. லாஸ்வெல் மாடல் பத்திக் கேட்டா, மனித வாழ்வுக்குத் தகவல் தொடர்பு மிகவும் அவசியம்னு மூணு பக்கம் எழுதியிருந்தாங்க. யார் சொல்றா, என்ன சொல்றா, எது வழியா, யாருக்கு, என்ன விளைவுங்கிற அந்த அஞ்சு கேள்வி ஒரு பேப்பர்லகூட முழுசா இல்ல. ஷானன், வீவர்னு ரெண்டு பேர் பேர்ல இருக்குற இன்னொரு மாடல, ஷானன் வீவர்ங்கிறது ஒரே ஆளுன்னு நினைச்சு எழுதினவங்க பாதிப் பேர். நான் சொல்லிக் குடுத்ததுதானே அப்படி வந்திருக்கு, பசங்கள எப்படிக் குறை சொல்றது.

அடுத்த நாள் நோட்ஸ் எதுவும் எடுத்துட்டுப் போகல. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு குடுத்து, பேர் போடாதீங்க, இந்தப் பேப்பர்ல உங்களுக்குப் புரியாத ஒண்ணே ஒண்ண மட்டும் எழுதுங்கன்னு சொன்னேன். பிரிச்சுப் பாத்தா 20க்கு மேல சீட்டுல ஒரே சந்தேகம்: மாடலுக்கும் தியரிக்கும் என்ன வித்தியாசம்? இத்தனை நாளா ஒருத்தரும் வாயத் திறந்து கேக்கல, மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்சிருச்சு நமக்கு மட்டும்தான் புரியலன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுட்டு இருந்திருக்காங்க. அங்கேயே ஜெர்மன் ஆராய்ச்சியாளர் நோயல் நியூமனோட 1974 மௌனச் சுழல்ங்கிற தியரிய எடுத்தேன். நம்ம கருத்து சிறுபான்மைன்னு தோணுச்சுன்னா தனிமைப்பட்டுருவோம்னு பயந்து பேசாம இருப்போம், நாம பேசாததால அது இன்னும் சிறுபான்மையாத் தெரியும்னு அந்தம்மா சொன்னது. அவங்க பேசினது பொதுக் கருத்தப் பத்தி, கிளாஸ் சந்தேகத்தப் பத்தி இல்லன்னும் சொல்லிட்டேன், ஆனா அந்த பயம் என்னன்னு 38 பேருக்கும் அந்த நிமிஷம் தெரிஞ்சிருச்சு. அந்தப் பழைய சந்தேகத்துக்கும் பதில் சொன்னேன், மாடல்ங்கிறது எந்தெந்த பாகம் எங்கெங்க இருக்குன்னு காட்டுற படம், தியரிங்கிறது அது ஏன் அப்படி நடக்குதுன்னு சொல்ற விளக்கம், அதனால மாடல் கேட்டா படம் போடாம எழுந்திருக்கக் கூடாதுன்னு.

அன்னைலேருந்து ஒரே வழிதான் வச்சுக்கிட்டேன். எந்தத் தியரிய எடுத்தாலும் முதல்ல இத யார், எந்த ஊர்ல, எந்தக் கேள்விக்கு பதில் தேடிக் கண்டுபிடிச்சாங்கன்னு தமிழ்ல கதையா சொல்றது, அப்புறம் நம்ம ஊர்ல அத வச்சுப் பாக்குறது, நோட்ஸ் கடைசியாத்தான்.

ஷானன் ஏன் 1948ல அந்தக் கட்டுரைய எழுதினாரு? அவர் வேலை பாத்தது பெல் லேப்ஸ்ல, டெலிபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக்கூடம், கம்பி வழியாப் போற சிக்னல் கெடாம அந்தப் பக்கம் போய்ச் சேரணுங்கிறதுதான் அவர் கவலை. இத சொன்ன உடனே கல்யாண ஆர்டர் போற பையன் ஒருத்தன் எந்திரிச்சு, மேம் கெட்டிமேளம் கொட்டும்போது அந்தப் பக்கம் கேமராவுல நிக்கிற அண்ணனுக்கு நாம கத்துறது கேக்காது, அதனால கையக் காட்டிட்டு அப்பவே ஒரு ஃபிளாஷும் அடிப்போம்னான். பாருங்க, சிக்னலக் கெடுக்குற இரைச்சலும் அவனே சொல்லிட்டான், ஒரே விஷயத்த ரெண்டு விதமா அனுப்பினா ஒண்ணாவது போய்ச் சேரும்ங்கிற ரிடண்டன்சியும் அவனே சொல்லிட்டான். அந்த உதாரணத்த அப்படியே எழுதச் சொன்னேன்.

எந்தப் பிரச்சனைய முக்கியம்னு நாம நினைக்கணுங்கிறத மீடியா தீர்மானிக்குதுன்னு சொல்ற அஜெண்டா செட்டிங்குக்கு ரெண்டு நாள் எடுத்தேன், அதுக்கு அவ்வளவு நேரம் குடுக்கணும். 1968 அமெரிக்கத் தேர்தல் சமயத்துல சேப்பல் ஹில்ங்கிற ஊர்ல மெக்கோம்ப்ஸ், ஷான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், யாருக்கு ஓட்டுன்னு இன்னும் முடிவு பண்ணாத 100 பேரப் பேட்டி எடுத்து, அவங்க முக்கியம்னு சொன்ன பிரச்சனைகளையும் மீடியா முக்கியத்துவம் குடுத்த பிரச்சனைகளையும் ஒப்பிட்டுப் பாத்தாங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே வரிசைல இருந்துச்சு, 1972ல கட்டுரையா வந்துச்சு. நாமளும் செஞ்சு பாப்போம்னு அஞ்சு தமிழ் பேப்பர் ஒரு வாரத்துக்கு வாங்கி முதல் பக்கத்துல என்னென்ன வருதுன்னு அட்டவணை போட்டோம், அப்புறம் பசங்க பஸ் ஸ்டாண்டுக்குப் போய் 40 பேர்கிட்ட இப்ப பெரிய பிரச்சனைன்னா எது சொல்வீங்கன்னு கேட்டுட்டு வந்தாங்க. வந்த பதில்ல முதல் இடம் தண்ணி, ரெண்டாவது ரோடு. பேப்பர்ல முதல் பக்கத்துல ரெண்டும் வரவே இல்ல. ஒரு பொண்ணு மூஞ்சி வாடிப்போய், அப்ப இந்தத் தியரி பொய்யா மேம்னு கேட்டா. அந்த செம்ல யாரும் கேட்ட ஒரு நல்ல கேள்விய சொல்லுன்னா நான் இதத்தான் சொல்வேன். 1978ல ஸக்கர்னு ஒருத்தர் இதுக்குத்தான் விளக்கம் குடுத்தாரு, நாம நேர்ல தினம் அனுபவிக்கிற பிரச்சனைல மீடியா சொல்லித் தெரிய வேண்டியது ஒண்ணும் இல்ல, அதனால அங்க மீடியாவோட செல்வாக்கு கம்மி, வெளியுறவு மாதிரி நம்ம கைக்கு எட்டாத விஷயத்துலதான் அதிகம்னு. குழாய்ல தண்ணி வரலன்னு தெரிஞ்சுக்க யாருக்கும் பேப்பர் வேணாம். அன்னைக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு இத ஒன்றரைப் பக்கம் எழுதிட்டு வந்து காட்டினா, டென் மார்க்ல விமர்சனம்னு ஒரு பகுதி எழுதணும்னு வாய் வலிக்கச் சொல்லிட்டிருந்தேன், அது தானா வந்திருச்சு.

ஒரு புதுசு ஜனங்ககிட்ட எப்படிப் பரவுதுன்னு சொல்ற டிஃப்யூஷன் பாடத்துக்கு புத்தகத்துல இருக்குறது அமெரிக்காவுல அயோவா விவசாயிங்களோட ஹைப்ரிட் மக்காச்சோளம், அது 1943 ஆராய்ச்சி, அத வச்சுத்தான் ரோஜர்ஸ் 1962ல புத்தகம் போட்டாரு. நான் கூடவே ரேடியோ நெல்லையும் சொன்னேன். 1960கள்ல தஞ்சாவூர் பக்கம் ஏடிடி 27 நெல் ரகத்தப் பத்தி திருச்சி வானொலி விவசாய நிகழ்ச்சில தொடர்ந்து சொல்லி, அது பரவி, ஜனங்களே அதுக்கு ரேடியோ நெல்லுன்னு பேர் வச்சுட்டாங்க. டெல்டா பக்கத்துப் பொண்ணு ஒருத்தி இன்டர்வெல்ல தாத்தாவுக்கு போன் போட்டுக் கேட்டா, அவருக்கு அந்தப் பேர் நல்லா ஞாபகம் இருந்துச்சு, ரேடியோல கேட்டாலும் பக்கத்து வயல்ல விளைஞ்சத கண்ணால பாத்த பிறகுதான் நாங்க போட்டோம்னு சொல்லியிருக்காரு. மொத்தப் பாடமும் அந்த ஒரு பதில்ல இருக்கு, தகவல் தர்றது மீடியா, முடிவெடுக்க வைக்கிறது தெரிஞ்ச மனுஷங்க.

ஒரே செய்திய ஆளுக்கு ஒரு விதமா புரிஞ்சுக்குவாங்கன்னு சொன்ன ஸ்டூவர்ட் ஹால் ஒரே பீரியட்ல முடிஞ்சுது. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தப் போட்டு வீட்டுல யார் யார் எப்படிப் பாப்பாங்கன்னு கேட்டதும் ஏத்துக்குறவங்க, பாதி ஏத்துக்குறவங்க, எதிர்க்கிறவங்க மூணும் வந்திருச்சு.

இங்கிலீஷ் பிரச்சனைக்கு வர்றேன், நிறைய பேருக்கு உண்மையான பயம் இதுதான். எங்க யுனிவர்சிட்டில தமிழ்லயும் எழுதலாம், ரெண்டு பேர் தமிழ்தான்னு முடிவு பண்ணாங்க, அவங்களுக்கு வாயில்காப்போர் (கேட்கீப்பர்), மௌனச் சுழல், இரைச்சல்னு கலைச்சொல் பட்டியல் ஒண்ணு நானே தயார் பண்ணிக் குடுத்தேன். மத்தவங்களுக்கு ஒரே விதி, ஒரு வாக்கியத்துல 10 வார்த்தைக்கு மேல போகக் கூடாது, முதல்ல தமிழ்ல சொல்லிப் பாத்துட்டு அப்புறம் எழுதணும். பேர் ஸ்பெல்லிங்தான் பெரிய தொல்லை, லாசர்ஸ்ஃபெல்ட், ஷ்ராம்னு பாடத்துல வர்ற ஆராய்ச்சியாளர் பேரெல்லாம் ஆளுக்கு ஒரு விதமா எழுதுவாங்க. அதனால அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது பிரசன்ட் மேம் வேணாம், ஒரு பேரும் வருஷமும் சொல்லிட்டு போர்டுல எழுதிட்டு உக்காருன்னேன். ரெண்டு வாரத்துல ஓரளவுக்கு சரியாச்சு.

கடைசி பத்து நாள் எழுதிப் பாக்குறது மட்டும்தான். டூ மார்க் 10, ஃபைவ் மார்க் 5, டென் மார்க் 3, மூணு மணி நேரம். நம்ம பசங்க டூ மார்க்குக்கே முக்கால் மணி நேரம் போட்டு அரைப் பக்கம் எழுதிட்டு கடைசி டென் மார்க்க விட்டுட்டு வருவாங்க. டூ மார்க்க 25 நிமிஷத்துல முடிக்கணும், ரெண்டு வரி போதும். ஃபைவ் மார்க்குக்கு ஒரு மணி நேரம், டென் மார்க் ஒவ்வொண்ணுக்கும் 25 நிமிஷம், மிச்சம் இருக்குற 20 நிமிஷம் படத்துல அம்புக்குறி விட்டுப்போச்சா, கேள்வி நம்பர் சரியான்னு பாக்க. டைமர் வச்சு நாலு தடவை எழுத வச்சேன். செவ்வாய்க் கிரகத்துக்காரங்க படையெடுக்குற மாதிரி வந்த 1938 ரேடியோ நாடகத்தக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடி வந்துச்சுன்னு, மீடியா சொல்றது குண்டு மாதிரி நேரா ஜனங்க மனசுல பாயும்ங்கிற புல்லட் தியரிக்கு எல்லாரும் எழுதுவாங்க, அந்தப் பீதிய அப்போ பேப்பர்காரங்க ஊதிப் பெருசாக்கினாங்கன்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது, அதையும் ஒரு வரி சேத்துக்கோங்க. மத்த பதில்கள்லேருந்து தனியாத் தெரியும்.

ரிசல்ட்ல 38ல 33 பேர் பாஸ். பஸ் ஸ்டாண்ட் கேள்வி கேட்ட பொண்ணு 58. தமிழ்ல எழுதின ரெண்டு பேரும் பாஸ். தேர்ட் இயர் பையன் 41, மண்டபத்துலேருந்து போன் பண்ணான், அவன் அம்மாவும் கூட இருந்து பேசினாங்க, ரொம்ப நேரம் பேசினாங்க.

போன அஞ்சு பேர்ல மூணு பேர் டென் மார்க் ஒண்ண எழுதாம வந்திருக்காங்க, நான் டைமர் வச்ச நாள்லயெல்லாம் ஆர்டர்ல இருந்தவங்க. அத முன்னாடியே யோசிச்சிருக்கணும், முகூர்த்த நாள் எதெதுன்னு காலண்டர்லயே இருக்கே. ஏப்ரல் எக்ஸாமுக்கு இப்பவே அஞ்சு பேரையும் உக்கார வச்சு, பங்குனி சித்திரைல யாருக்கு எந்தத் தேதில ஆர்டர்னு கேட்டு வாங்கிட்டேன். சனிக்கிழமை வேணாம்னு புதன்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வச்சிருக்கோம், போன வாரம் அஞ்சு பேரும் வந்தாங்க.