ஓவர் இடைவெளியில் உங்கள் கடை விளம்பரம்

டி.வி.யில் ஐ.பி.எல். பார்த்தால், ஓவர் முடிந்ததும் வரும் விளம்பரம் தமிழ் ஒளிபரப்பைப் பார்க்கும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். அதே மேட்சை ஆப்பில் பார்க்கும்போது திருநெல்வேலிக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று என்று பிரித்துக் காட்ட முடியும். 2022-ல் நடந்த ஏலத்தில் 2023-27 சீசன்களுக்கான இந்திய டி.வி. உரிமை 23,575 கோடி ரூபாய்க்குப் போனது. ஆப்பில் காட்டுவதற்கான டிஜிட்டல் உரிமை இரண்டு தொகுப்புகளாக விற்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து அதையும் தாண்டின. இந்த வசதி அதற்கு முக்கியமான காரணம் என்பேன்.

இது எப்படி நடக்கிறது? ஆப்பில் வரும் வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகிறது. அடுத்து எந்தத் துண்டை ஓட்ட வேண்டும் என்று போனுக்குச் சொல்ல ஒரு பட்டியல் இருக்கும். ஓவர் முடிந்ததும், ஒளிபரப்புக்குள்ளேயே ‘இங்கே பிரேக்’ என்று ஒரு குறி போகிறது. அதன் பெயர் எஸ்.சி.டி.இ.-35. அதைப் பார்த்ததும் சர்வர், உங்கள் ஊர், மொழி, போன் வகை ஆகியவற்றை வைத்து விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் மேட்ச் துண்டுகளுக்குப் பதிலாக விளம்பரத் துண்டுகளைச் செருகிவிடும்.

சிக்கலும் இங்கேதான். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் வரை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் தனித்தனியாக விளம்பரம் தேடினால் சர்வர் திணறும். பதில் தாமதமானால் அந்த இடத்தில் விளம்பரம் இல்லாமல் வெற்றுப் படம்தான் ஓடும். அதனால் பார்வையாளர்களைக் குழுக்களாகப் பிரிப்பதும், விளம்பரத்தை முன்கூட்டியே எடுத்து வைப்பதும் வழக்கம். உங்கள் வீடியோவை எல்லா ரெசல்யூஷனுக்கும் மாற்றி வைக்கவும் நேரம் வேண்டும். மேட்ச் அன்று மாலை ஃபைலைக் கொடுத்தால் முதல் சில பிரேக்குகள் கைநழுவிப் போகலாம். சத்த அளவு ஒளிபரப்போடு பொருந்தாவிட்டால் விளம்பரம் காதைக் கிழிக்கும்.

பவுலர் ஓடிவரத் தொடங்கிவிட்டால் பிரேக்கைப் பாதியில் வெட்டுவதும் உண்டு. ஆகவே கடைப் பெயரும் ஊரும் முதல் 5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும், எழுத்தாகவும் வேண்டும். பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். இரண்டரை நிமிட ஸ்ட்ராட்டஜிக் டைம்-அவுட் இடம் கிடைத்தால் விடாதீர்கள். இந்த வெட்டு அங்கே அவ்வளவாக இல்லை.

பணம் அதிகம் வீணாவது ஊர்க் கணக்கில். மொபைல் டேட்டாவில் ஐ.பி. முகவரியை (இணையத்தில் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மட்டும் வைத்து ஊரைக் கணித்தால், தென்காசியில் இருப்பவர் சென்னைவாசியாகத் தெரியலாம். நெட்வொர்க் இணையத்தோடு சேரும் வாசல் சென்னையில் இருப்பதுதான் காரணம். ‘பின்கோடு வரை குறிவைக்கலாம்’ என்று விற்க வருபவரிடம், அது ஐ.பி.யா, போனின் ஜி.பி.எஸ்.ஸா என்று முதலில் கேளுங்கள். ஐ.பி. மட்டும்தான் என்றால் மாவட்டத்துக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது எண்ணிக்கை. விளம்பரம் ஒரு திரையில் ஒரு தடவை ஓடினால் அது ஒரு காட்சி. விலை 1,000 காட்சிக்கு இவ்வளவு என்று பேசப்படும். உதாரணத்துக்கு 1,000-க்கு 200 ரூபாய் என்றால், 50,000 ரூபாய்க்கு 2,50,000 காட்சிகள். ஒருவருக்கே 10 தடவை ஓடினால் பார்த்தவர்கள் வெறும் 25,000 பேர். சின்ன ஊரைக் குறிவைக்கும்போது இது சுலபமாக நடக்கும். ஒருவருக்கு ஒரு மேட்சில் இத்தனை தடவைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு போடச் சொல்லுங்கள். ‘95 சதவீதம் பேர் முழுசாகப் பார்த்தார்கள்’ என்று காட்டினால் மயங்க வேண்டாம். நேரலையில் ஸ்கிப் பட்டனே கிடையாது. போனைக் கவிழ்த்து வைத்தவரும் முழுசாகப் பார்த்தவராகத்தான் எண்ணப்படுவார்.

மாநிலம் முழுக்கக் கிளை உள்ள நிறுவனத்துக்கு டி.வி. இன்னும் நல்ல இடம்தான். ஒரு விளம்பரத்தை வீடே சேர்ந்து பார்க்கிறது. ஆனால் டி.வி. பார்ப்பவர்களை அளக்கும் பார்க் (BARC) ரேட்டிங், தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்து எடுக்கும் கணக்கு. தென்காசியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அது சொல்லாது. ஒரே ஊரில் கடை வைத்திருப்பவருக்கு ஆப்தான் பொருந்தும். ஊர்வாரியாக எத்தனை தனி நபர்கள், ஒருவருக்கு எத்தனை தடவை, ஆப்பைப் பார்த்தது போனிலா டி.வி. திரையிலா என்ற மூன்று விவரமும் ரிப்போர்ட்டில் வரும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.